அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சை, டயரின் உள்விளிம்பில் கம்பி

முன்பக்க இடது டயரை வெளியில் நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. வெளிவிளிம்பில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகள், நன்றாக இருந்தன, நடுவில் மழைத் தண்ணீர் வடிகிற கோடுகளும் ஆழமாகவே இருந்தன. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தபோதுதான் உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லாமல் கம்பி மினுங்கியது. அதற்குச் சில மாதம் முன்புதான் இதே வண்டிக்கு, சக்கரங்கள் நிற்கிற கோணத்தை அளந்து சரிசெய்கிற அலைன்மென்ட் பார்த்திருந்தேன். கணினியில் அச்சடித்துக் கொடுத்த தாள் டேஷ்போர்டு பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. டோ (சக்கரம் நேராகப் பார்க்கிறதா என்பது) பச்சை, கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) பச்சை, காஸ்டர் (சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு) பச்சை. பச்சை என்றால் அளவு சரி என்று பொருள். போன ஜோடி டயரும் இதே மூலையில், இதே உள்விளிம்பில்தான் போனது. தாள் சொல்வது சரியா, டயர் சொல்வது சரியா என்ற கேள்வி அன்றைக்கு என் தலைக்குள் ஏறியது, லேசில் இறங்கவில்லை.

வண்டி 2010 மாடல் சின்னக் கார். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ‘வித்துட்டுப் புதுசு எடுத்துருங்க’ என்கிறார்கள். என்ஜின் இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் குடிக்கவில்லை, ஏ.சி. குளிர்கிறது, கியர் வழுக்கிக்கொண்டு விழுகிறது. பழைய வண்டியில் முதலில் கிழடு தட்டுவது என்ஜின் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து முதலில் ஓய்ந்துபோவது ரப்பர்தான். சஸ்பென்ஷனில் இரும்பும் இரும்பும் சேருகிற இடங்களில் உட்கார்ந்திருக்கும் கட்டை விரல் கனத்து ரப்பர் புஷ்கள், ஷாக்கப்சரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்ட், சக்கரம் திரும்ப உதவுகிற உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் தொப்பி, ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் பூட். இவை வெயிலிலும் சூட்டிலும் வருடக்கணக்கில் வெந்து, ஓடோமீட்டரில் எண் குறைவாக இருந்தாலும் வெடித்துவிடும். மதுரை வெயிலில் திறந்தவெளியில் நிற்கிற வண்டிக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

டயரைப் படிப்பது

டயர் தேய்கிற விதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு விளிம்பும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் மேடாக நின்றால் காற்று குறைவு. நடு தேய்ந்து விளிம்புகள் நின்றால் காற்று அதிகம். இவை இரண்டும் எளிது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ கதவிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும், அதைக் காலையில் வண்டி எடுக்குமுன் குளிர்ந்த டயரில் வைத்தால் போதும். டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கச் சொல்கிறவர்களை இன்னும் பங்க்குகளில் பார்க்கிறேன். பங்க்கில் இருக்கிற மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கையடக்க மீட்டர் ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால் கதை வேறு. சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நின்றால், அதாவது கேம்பர் போனால், உள்விளிம்பு தேயும். சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் முன்பக்கம் வெளியே விரிந்து நின்றால், அதாவது டோ-அவுட் ஆனால், அப்போதும் உள்விளிம்புதான் தேயும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது உள்ளங்கை. டயரின் குறுக்கே, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவையும் உள்ளிருந்து வெளியே ஒரு தடவையும் தடவ வேண்டும். ஒரு பக்கம் வழவழவென்று போய், திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி சுரண்டினால் அது டோ. சாய்வு மாத்திரம் இருந்தால் தேய்ந்த இடம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பாக இருக்கும். தடவுவதற்கு முன் விளக்கடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கம்பி வெளியே வந்திருந்தால் கையைக் கிழித்துவிடும்.

டோ என்பது எவ்வளவு சின்ன அளவு, அது எவ்வளவு பெரிய வேலை பார்க்கிறது என்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 அங்குல ரிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பின் நேர்கோட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் விலகி நின்றால் அது கால் டிகிரி. கால் டிகிரி கோணலாக உருளுகிற சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் அந்த டயர் 40 கிலோமீட்டருக்கு மேல் குறுக்காகத் தேய்க்கப்பட்டிருக்கும். ஒன்றரை மில்லிமீட்டரைக் கண்ணால் பார்க்க முடியாது, ஸ்டியரிங்கிலும் உணர முடியாது. வண்டி இம்மியும் இழுக்காமல் நேராகப் போகும், டயர் மட்டும் காலியாகும். ‘வண்டி இழுக்கவே இல்லையே, எதுக்கு அலைன்மென்ட்?’ என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

இழுப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சாலைகள் தண்ணீர் வடிவதற்காக இடது ஓரம் பார்த்துச் சரிந்திருக்கும், அதனால் கையை விட்டால் வண்டி கொஞ்சம் இடப்பக்கம் போவது இயல்பு. மட்டமான சாலையிலும் இழுத்தால், முன்பக்க டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குறை டயரில் இருக்கிறது. அதே பக்கம் இழுத்தால் வண்டியில் இருக்கிறது. வண்டியில்தான் என்றால், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ரிம்முக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் பிரேக் காலிப்பர் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கெல்லாம் மெஷின் வேண்டாம், ஒரு ஜாக்கியும் அரை மணி நேரமும் போதும்.

மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஷாக்கப்சர் ஓய்ந்துவிட்டது என்று பொருள். சக்கரம் தரையில் ஒட்டி ஓடாமல் துள்ளித் துள்ளி விழுகிறது, விழுந்த இடமெல்லாம் தேய்கிறது. இரண்டு வெளிவிளிம்பும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்குகிற வண்டிகளில் வளைவு வளைவாக ஒடிப்பதாலேயே அப்படி ஆகும்.

நான் கடைசியில் நம்ப ஆரம்பித்த ஒரு விஷயம் பலருக்குப் பிடிக்காது. டயர்களை இடம் மாற்றிப் போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் தேய்மானம் கோணலாக இருக்கும்போது காரணம் கண்டுபிடிக்காமல் மாற்றக் கூடாது. இடது முன் டயரின் தேய்மானம் இடது முன் மூலையைப் பற்றிப் பேசுகிறது. அதைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டால், அடுத்துப் பார்க்கிற மெக்கானிக்குக்கு எந்த மூலையில் என்ன குறை என்பதே தெரியாமல் போகும். தேய்மானம் நான்கு டயருக்கும் பங்காகிவிடும், குறை இருந்த இடத்திலேயே இருக்கும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நான்கு டயரையும் படமெடுத்து, எது எங்கே இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

சாக்பீஸ் கோடு

முதலில் போன அலைன்மென்ட் கடையில் தாளை நீட்டினேன். திரும்ப ஏற்றிப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் ஓ.கே. சார், டயர் மெட்டீரியல் சாஃப்ட்டா இருக்கும்’ என்றார்கள். இன்னொரு கடையில் கேம்பர் போட வேண்டும் என்றார்கள். என் வண்டி போன்ற சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் டோவை மட்டும்தான் திருகிச் சரிசெய்ய முடியும், கேம்பருக்குத் திருகாணியே கிடையாது. கேம்பர் தள்ளியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் ஹைட்ராலிக் கருவியை மாட்டி ஸ்ட்ரட்டை எதிர்ப்பக்கம் வளைப்பதற்குத்தான் பல இடங்களில் கேம்பர் போடுவது என்று பெயர். வளைந்த உறுப்பு இருக்க, வளையாததையும் சேர்த்து வளைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவதாகப் போனது வைகைக் கரையோரம் ஒரு தகர ஷெட். அலைன்மென்ட் மெஷின் அங்கே கிடையாது. இரண்டு ஜாக்கி, வண்டிக்கு அடியில் இறங்கி நின்று வேலை பார்க்க ஒரு பிட், சுவர் முழுக்க ஸ்பேனர். அறுபதைத் தாண்டிய மெக்கானிக், பெயர் சொன்னால் கூச்சப்படுவார். நான் கொடுத்த தாளை வாங்கி நிதானமாகப் படித்தார், பிறகு டயரைத் தடவினார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. அப்படியென்றால் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் பெரிதாகத் தளரவில்லை. இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டைராடு எண்டில் மயிரிழை ஆட்டம் இருந்தது. ‘இது மட்டும் இம்புட்டு டயரத் திங்காது தம்பி’ என்றார். எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று தோன்றியது. அவருக்கு முடியவில்லை.

ஜாக்கியை இறக்கச் சொல்லி, வண்டியைப் பிட்டுக்கு மேல் கொண்டுவந்து நான்கு சக்கரமும் தரையில் அழுந்த நிறுத்தினார். கீழே இறங்கி, சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கிற இரும்புக் கையான லோயர் ஆர்மில், இடது பக்கத்தின் பின்பக்க புஷ்ஷைத் துணியால் துடைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, ஆர்மிலிருந்து அது மாட்டியிருக்கும் பிராக்கெட் வரை குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு போட்டார். கடைப்பையனை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, என்னையும் இன்னொருவரையும் பானட்டைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கச் சொன்னார். கொஞ்சம் உலுக்கியதும் என்னைக் கீழே கூப்பிட்டு, என் இடத்துக்கு வேறு ஆளை நிறுத்தினார். பிட்டுக்குள் நின்று பார்த்தேன். வண்டி முன்னால் சாயும்போது கோடு இரண்டாக உடைந்தது, ஆர்ம் பக்கத்துக் கோடு ஒரு புறம், பிராக்கெட் கோடு இன்னொரு புறம், நடுவில் அரை விரற்கடை இடைவெளி. பின்னால் சாயும்போது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நேர்கோடானது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கோடு உடைந்து சேர்ந்தது. வலது பக்கத்திலும் அதே மாதிரி போட்டுக் காட்டினார், அங்கே கோடு நூலிழை மட்டும் அசைந்தது.

‘தாளு பொய் சொல்லல தம்பி. வண்டி நிக்கயில எடுத்த அளவு அது. நீங்க பிரேக்கப் புடிக்கயில, பள்ளத்துல விடயில சக்கரம் எங்க பாக்குதுன்னு அந்த மெஷினுக்கு எப்புடித் தெரியும்?’

எனக்கு அத்தனையும் அந்த இடத்தில் விளங்கியது. ரப்பர் கிழிந்த புஷ், வண்டி அசையாமல் நிற்கும்போது எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்துகொள்கிறது. மெஷின் அளக்கிறது, அளவு பச்சையாக வருகிறது. பிரேக் போட்டதும் சக்கரம் பின்னால் தள்ளப்படுகிறது, கிழிந்த ரப்பர் இடம் கொடுக்கிறது, சக்கரம் நேர்கோட்டை விட்டுத் திரும்பிக்கொள்கிறது. மேலே சொன்ன ஒன்றரை மில்லிமீட்டர் எங்கே, பிட்டுக்குள் நான் பார்த்த அரை விரற்கடை எங்கே! ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல், ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் பிரேக் போட்டு ஓட்டுகிற வண்டியில் இது ஒரு நாளைக்கு எத்தனை முறை நடக்கும்!

புஷ்ஷைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நடுவில் இருக்கும் இரும்புக் குழல் ஒரு பக்கம் ஒதுங்கி, ரப்பரில் பிறை வடிவத்தில் ஒரு கிழிசல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போயிருந்தது. கிழிசலுக்குள் விரலை விட்டால் மை மாதிரி கருப்புத்தூள் ஒட்டியது. புஷ்ஷின் விலை சில நூறு ரூபாய். அது தின்றிருந்த டயர்கள் ஜோடி எட்டாயிரத்தைத் தாண்டும்.

புதுப் புஷ் போட்டு மாட்டியபோது அவர் செய்த ஒன்றை வேறு எங்கும் பார்த்ததில்லை. போல்ட்டைக் கையால் முடுக்கி மட்டும் விட்டு, டயரைத் தரையில் இறக்கி, வண்டியின் பாரம் முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கி முறுக்கினார். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையில் கவ்விக்கொள்ளும், வண்டியை இறக்கியதும் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே கிழியும். புதுப் புஷ் போட்டு ஆறு மாதத்தில் மறுபடி சத்தம் வருகிறது என்று புலம்புகிற வண்டிகள் பலவற்றில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். உங்கள் மெக்கானிக்கிடம் இதைக் கேளுங்கள், தெரிந்தவர் சந்தோஷப்படுவார்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

அன்றைக்குப் பிறகு வண்டியின் சத்தங்களையும் ஒழுங்காகக் கேட்கக் கற்றுக்கொண்டேன். சின்னச் சின்ன மேடுகளில் மட்டும் கடகடவென்றால், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியை இணைக்கும் லிங்க் ராடைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் டொங்கென்று விடுபடுகிற சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட். முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக் டக்கென்று தாளம் போட்டால் ஆக்சில் ஜாயின்ட், அநேகமாகப் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும். பிரேக் போடும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் டிஸ்க். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பிரேக் போடாமலேயே உதறினால் முதலில் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது.

மிகவும் ஏமாற்றுவது ஊ என்று ஒரே சீராக வருகிற இரைச்சல். பேரிங் போனாலும் அப்படித்தான் கேட்கும், திட்டுத்திட்டாகத் தேய்ந்த டயரும் அப்படித்தான் கேட்கும். என் மச்சான் வண்டியில் பின் பேரிங் இரண்டையும் மாற்றிய பிறகும் இரைச்சல் போகவில்லை, குறை டயரில் இருந்தது. காலியான சாலையில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே வண்டியை மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வளைத்தாலும் மாறாமல், தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது மட்டும் சத்தம் மாறினால் டயர்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியிலும் பாருங்கள், ஓடாமலே கிழடாகிப்போன டயர் அங்கேதான் இருக்கும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரில் கார் ஓட்டக் கூடாது என்பது இங்கே சட்டம். கோடுகளுக்குள் இருக்கும் சின்ன மேடுகள் அந்த அளவைக் காட்டத்தான் வைத்திருக்கிறார்கள். டயரின் நடுவில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள், உள்விளிம்பையும் பாருங்கள். ஐப்பசி மழையில் நால்வழிச் சாலையில் நூறில் போகும்போது குடும்பமே அந்த விளிம்பை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது.

அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறவர்களிடம் கேட்பது

புஷ், டைராடு எண்டு இரண்டும் மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்த்துப் புது ஜோடி டயர் போட்டேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஓடிவிட்டது. உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் ஆழமானியை வைத்தால் ஒரே அளவு காட்டுகிறது, தடவினாலும் இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு.

அலைன்மென்ட் மெஷின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதன் அளவு துல்லியமானது, அது இல்லாமல் டோவைச் சரியாக வைக்கவும் முடியாது. ஆனால் தளர்ந்த வண்டியை அதில் ஏற்றி எடுக்கிற அளவுக்கு மதிப்பில்லை என்பதை அந்தக் கடைகளில் வேலை பார்க்கிற எல்லாரும் அறிவார்கள். ஏற்றுவதற்கு முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பது, புஷ்ஷில் லீவர் வைத்து நெம்பிப் பார்ப்பது, நான்கு டயரிலும் காற்றைச் சமன் செய்வது எல்லாம் அந்த வேலையின் பகுதிதான். கூட்டம் அதிகமான சனிக்கிழமைகளில் அது விட்டுப்போகிறது. அச்சடிக்கும் தாளில் டோ, கேம்பர், காஸ்டரோடு இன்னும் ஒரு வரி சேருங்கள்: பால் ஜாயின்ட், டைராடு எண்டு, லோயர் ஆர்ம் புஷ், பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் பார்த்தோம், இருக்கிறது அல்லது இல்லை, பார்த்தவர் கையெழுத்து. ஆட்டம் இருந்தால் ‘இத மாத்திட்டு வாங்க, அப்புறம் அலைன்மென்ட் பாக்கலாம்’ என்று வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். அப்படித் திருப்பி அனுப்புகிற கடைக்கு நான் கட்டாயம் திரும்ப வருவேன், தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வருவேன்.